ஏறும்போது சூடு, இறங்கும்போது குளிர்: பழைய லேண்ட் குரூசரின் ஹீட்டர்

தென்னாப்பிரிக்காவின் லேடிஸ்மித்திலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் பெயரையும் ஒர்க்‌ஷாப்களின் பெயரையும் நீக்கிவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய வண்டி 1994-ஆம் வருட டொயோட்டா லேண்ட் குரூசர் 80. டர்போ இல்லாத 4.2 லிட்டர் டீசல். எட்டு மாதங்களுக்கு முன் தெரிந்தவர் ஒருவரிடம் வாங்கியது. வாரத்தில் ஐந்து நாள் விடிகாலை நாலரைக்குக் கிளம்பி, வான் ரீனன் கணவாய் ஏறி ஹாரிஸ்மித்துக்கு வேலைக்குப் போகிறார். ஜூன் தொடங்கியதிலிருந்து ஹீட்டரில் சரியான சூடு இல்லை. கணவாய் ஏறும்போது கொஞ்சம் வெதுவெதுப்பு வருகிறது, இறங்கும்போது குளிர்ந்துவிடுகிறது. வெப்பமானி முள் எப்போதும் பாதிக்குக் கீழேயே நிற்கிறது. “எஞ்சின் குளிர்ச்சியாக ஓடுகிறது, அதனால் அதில் கோளாறு இல்லை” என்கிறார். ஏழு வாரத்துக்கு முன் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஹீட்டர் வால்வை மாற்றினார்கள், பலன் இல்லை. இப்போது அதே இடத்தில் டேஷ்போர்டைக் கழற்றி, அதற்குள் இருக்கும் ஹீட்டர் கோர் என்ற குட்டி ரேடியேட்டரையே மாற்ற வேண்டும் என்று 14,000 ரேண்ட் கேட்கிறார்கள். எழுபத்திரண்டு வயது அம்மாவை ஆடி வெள்ளிதோறும் அதிகாலையில் கோயிலுக்கு அழைத்துப் போகிறார். அம்மாவுக்கு மூட்டுவலி, பின் சீட்டில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்குகிறார்களாம். பணத்தைக் கட்டலாமா என்பது கேள்வி. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: “மாதம் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது, ஸ்டார்ட் செய்ததும் டேஷ்போர்டுக்குப் பின்னால் களகளவென்று ஒரு சத்தம், மற்றபடி வண்டி அருமை.”

அன்புள்ள வாசகரே,

அந்த 14,000 ரேண்டை இப்போது கட்டாதீர்கள். ஹீட்டர் கோர் அடைத்திருக்க வாய்ப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் எழுதிய அறிகுறிகள் முதலில் வேறு இரண்டு இடங்களைக் காட்டுகின்றன. அவற்றைப் பார்க்காமல் டேஷ்போர்டைக் கழற்றினால், புதுக் கோரிலும் அதே வெதுவெதுப்புத்தான் வரும். கடைசி வரியில் போகிற போக்கில் சொன்னீர்களே, தண்ணீர் குறைவதும் களகள சத்தமும், அதுதான் கடிதத்திலேயே எனக்கு அதிகக் கவலை தருவது. ஆடி என்றால் ஊரில் காற்று, நமக்கு இங்கே நடுக்குளிர். அம்மாவை வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் போகிற வண்டி என்பதால் வரிசையாகச் சொல்கிறேன்.

ஹீட்டர் தனியாக நெருப்பு மூட்டுவதில்லை. எஞ்சினின் சூடான கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) இரண்டு ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டருக்கு வந்து போகிறது. புளோயர் அதன் வழியாகக் காற்றை ஊதுகிறது, அவ்வளவுதான். ஆகவே சூடு வரவில்லை என்றால் நான்கில் ஒன்று: எஞ்சினே சூடாகவில்லை, சூடான கூலன்ட் கோர் வரைக்கும் போதிய அளவு வரவில்லை, வந்த சூட்டைக் காற்று எடுக்கவில்லை, அல்லது எடுத்த காற்றோடு குளிர்காற்று கலக்கிறது.

“குளிர்ச்சியாக ஓடுகிறது” என்பது நல்ல சேதி இல்லை

ஏறும்போது சூடு, இறங்கும்போது குளிர் என்று எழுதினீர்கள். பெரிய தடயம் அது. கோர் அடைத்திருந்தால் ஏற்றமோ இறக்கமோ பெரிய வித்தியாசம் இருக்காது, எப்போதும் அரைகுறைச் சூடுதான். உங்கள் வண்டியில் எஞ்சின் உழைக்கும்போது மட்டும் சூடு பிறக்கிறது. இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் டீசல் எஞ்சினில் எரிபொருள் போவது நின்றுவிடும், புதிதாகச் சூடு உண்டாகாது. கணவாய் வழியாகப் போகும் என்3 நெடுஞ்சாலையில் எதிரே வருவதோ உறைபனிக் காற்று. அந்த நேரத்தில் கூலன்ட் ரேடியேட்டர் பக்கம் போகாமல் தடுத்து, இருக்கிற சூட்டை எஞ்சினுக்குள் காப்பது தெர்மோஸ்டாட்டின் வேலை. அது திறந்தபடி இறுகியிருக்கிறது, அல்லது அந்த இடத்தில் தெர்மோஸ்டாட்டே இல்லை.

இல்லாமல் இருப்பதற்கு நிறையவே வாய்ப்பு உண்டு. “வெயில் ஊருக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு? எடுத்துவிட்டால் எஞ்சின் சூடாகாது” என்று பல மெக்கானிக்குகள் நல்லெண்ணத்தோடு கழற்றிவிடுகிறார்கள். தவறான பழக்கம். பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டு இன்னொரு வேலையும் செய்கிறது. எஞ்சின் சூடானதும் பைபாஸ் வழியை மூடி, மொத்தக் கூலன்ட்டையும் ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. அதை எடுத்துவிட்டால் கூலன்ட்டின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பத் திரும்பச் சுற்றும். குளிர்காலத்தில் எஞ்சின் சூடேறாது, டிசம்பரில் டிரெய்லரோடு மேடு ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடேறும். தாழ்ந்த சூட்டில் ஓடும் டீசலில் எரிபொருள் முழுதாக எரிவதில்லை. கரி சேரும், டீசல் எண்ணெயில் கலக்கும், சிலிண்டர் தேய்மானமும் கூடும். சூடேறிய பிறகும் பாதிக்கு மிகவும் கீழேயே நிற்கிற முள் ஒரு புகார்தான்.

கையால் தொட்டே பார்க்கலாம்

ஒரு ஞாயிறு காலை, வண்டி இரவெல்லாம் நின்று குளிர்ந்திருக்கும்போது பானட்டைத் திறங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் வேகமான ஐடிலில் விடுங்கள். தளர்ந்த சட்டைக் கை, துப்பட்டா, மாலை எதுவும் ஃபேன் பக்கம் வரக் கூடாது.

முதல் ஐந்து பத்து நிமிடம், கிரில் வழியாக முன்பக்கத்திலிருந்து ரேடியேட்டரின் நடுப்பகுதியைத் தொட்டுக்கொண்டே இருங்கள். தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தால் ஹீட்டர் ஹோஸ் சூடாகத் தொடங்கிய பிறகும் ரேடியேட்டர் சில்லென்றே இருக்கும், பிறகு ஒரு கட்டத்தில் சட்டென்று சூடேறும். இரண்டும் சேர்ந்து மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் உள்ளே தெர்மோஸ்டாட் மூடவில்லை.

அடுத்து, இருபது நிமிடம் வண்டியை ஓட்டிவிட்டு வந்து, எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள இரும்புச் சுவரில் நுழையும் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களையும் பாருங்கள். அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் நல்லது. ரப்பர் மேல் குறிவையுங்கள், பளபளக்கும் உலோகத்தில் அது பொய் சொல்லும். இல்லாவிட்டால் துணி சுற்றிய கை போதும்.

இரண்டும் நன்றாகச் சுட்டால், அதாவது உள்ளே போவது 80 டிகிரிக்கு மேலும் வெளியே வருவது அதைவிட ஏறக்குறைய 10, 15 டிகிரி மட்டும் குறைவாகவும் இருந்தால், கூலன்ட் பக்கம் சரி, கோளாறு காற்றுப் பக்கம். ஒன்று சுட்டு, மற்றது 30, 40 டிகிரி குறைந்து வெதுவெதுவென்று இருந்தால் கோர் அடைத்திருக்கிறது, வால்வு முழுதாகத் திறக்கவில்லை, அல்லது காற்று சிக்கியிருக்கிறது. இரண்டுமே 60 டிகிரி தொடவில்லை என்றால் எஞ்சினே சூடாகவில்லை. உங்களுக்கு இந்தக் கடைசி முடிவுதான் வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

அப்படியே வால்வையும் பார்த்துவிடுங்கள். ஒருவர் உள்ளே சூட்டு நெம்பை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நகர்த்தட்டும், நீங்கள் வெளியே வால்வின் கை முழுத் தூரம் போகிறதா என்று பாருங்கள். பழைய கேபிள் நீண்டு போய், உள்ளே நெம்பு கடைசி வரை போனாலும் வால்வு முக்கால்வாசிதான் திறந்திருக்கும். புது வால்வு போட்ட ஒர்க்‌ஷாப் கேபிளைச் சரிசெய்யாமல் விட்டிருக்கலாம். கேபிளின் வெளிக்குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்பைத் தளர்த்தி, வால்வைக் கையால் முழுதாகத் திறந்து வைத்து, நெம்பையும் முழுச் சூட்டில் வைத்து மறுபடி கிளிப்பை மாட்டினால் போதும். ஐந்து நிமிட வேலை.

மாதம் ஒரு லிட்டர் எங்கே போகிறது?

கூலிங் சிஸ்டம் மூடிய சிஸ்டம். நல்ல நிலையில் உள்ள வண்டிக்கு மாதாமாதம் தண்ணீர் ஊற்ற வேண்டியதே இல்லை. அளவு குறைந்தால் காற்று சேரும். காற்று உயரமான இடத்தில் ஒதுங்கும், பல வண்டிகளில் அது ஹீட்டர் கோர். நீங்கள் கேட்கும் களகள சத்தம் அந்தக் காற்றும் தண்ணீரும் மோதுவது. தண்ணீர் போகும் வழி மூன்று.

முதலாவது, வெளிக்கசிவு. ஹோஸ் முனைகள், வாட்டர் பம்ப்புக்கு அடியில், ரேடியேட்டரின் ஓரங்கள் ஆகிய இடங்களில் காய்ந்த வெள்ளை அல்லது சிவப்புப் படிவு இருக்கிறதா பாருங்கள். பின் சீட்டுக்கும் ஹீட்டர் உள்ள லேண்ட் குரூசர் 80 என்றால், ஹோஸ்கள் பிரியும் இடத்தில் உள்ள பிளாஸ்டிக் டீ இணைப்புகளைச் சந்தேகியுங்கள். முப்பது வருடச் சூட்டில் அவை பிஸ்கெட் மாதிரி ஆகிவிடும், அழுத்தினால் நொறுங்கும். மலைப்பாதையில் உடைந்தால் ஒரு சில நிமிடத்தில் கூலன்ட் முழுதும் கொட்டிவிடும். கசியவில்லை என்றாலும் பித்தளை இணைப்பாக மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, கோரே கேபினுக்குள் கசிவது. இனிப்பான வாசனை, கண்ணாடியின் உட்புறம் துடைக்கத் துடைக்க எண்ணெய்ப் படலம், பயணியின் காலடிக் கம்பளத்தில் ஈரம். இவை இருந்தால் கோர் மாற்றும் பேச்சுக்கு அர்த்தம் உண்டு.

மூன்றாவது, நான் பயப்படுவது: ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) விட்டுக்கொடுத்து, எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் நுழைவது. இரவு முழுதும் ஆறிய வண்டியில் காலையில் மூடியைத் திறக்கும் முன் மேல் ரேடியேட்டர் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி விறைப்பாக இருந்தால் வாயு சேர்கிறது என்று பொருள். இதைச் சரியாகப் பார்க்க இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று, ஆறிய எஞ்சினில் கைப்பம்ப்பால் மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் வரை ஏற்றி, 20 நிமிடம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பது. மற்றது, ரேடியேட்டர் வாயில் நீலத் திரவக் குழாயை வைத்து, கரியமில வாயு வந்தால் நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது. டீசல் ஐடிலில் அந்த வாயு குறைவாக வரும் என்பதால், வண்டியை ஒரு மேட்டில் உழைக்க வைத்துக் கொண்டுவந்து இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். இந்தச் சோதனைக்கு மூடியைத் திறப்பது பயிற்சி பெற்றவர் கையில் இருக்கட்டும், சூடாக இருக்கும்போது நீங்கள் ஒருபோதும் திறக்காதீர்கள். வேலைக்கு முன்பே இந்த இரண்டு சோதனைகளின் முடிவையும் எழுத்தில் கேளுங்கள். வாயு வருகிறது என்றால் ஹீட்டரை மறந்துவிட்டு முதலில் ஹெட்டைக் கவனியுங்கள், அதுவரை கணவாய் ஏறாதீர்கள்.

கசிவை அடைக்கும் பொடி போட்டால் என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். அந்தப் பொடிக்கு ஓட்டை எது, ஹீட்டர் கோரின் ஒடுங்கிய குழாய் எது என்று தெரியாது. அடைப்பது பெரும்பாலும் கோரைத்தான்.

இன்னொன்று. எட்டு மாதமாகக் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஊற்றி, உங்கள் கூலன்ட் நீர்த்துப் போயிருக்கும். ஹாரிஸ்மித் 1,600 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர், ஜூலை இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். அங்கே ஓர் இரவு நிறுத்திய வண்டியில் வெறும் தண்ணீர் உறைந்தால் கோரோ ரேடியேட்டரோ வெடிக்கலாம். ஹைட்ரோமீட்டரால் செறிவைச் சோதிப்பது ஒரு நிமிட வேலை.

தெர்மோஸ்டாட் போடுவதும் காற்றை வெளியேற்றுவதும்

திறக்கும் வெப்பநிலை தெர்மோஸ்டாட்டிலேயே பொறித்திருக்கும். உங்கள் எஞ்சின் எண்ணைச் சொல்லி அதற்குரியதை வாங்குங்கள். அதிகச் சூட்டுக்காக உயர்ந்த எண் உள்ளதைத் தேட வேண்டாம். பொருத்தும் முன் சமையலறையிலேயே சோதிக்கலாம். நூலில் கட்டி, தண்ணீர்ப் பாத்திரத்தின் அடி தொடாமல் தொங்கவிட்டு, வெப்பமானி வைத்துச் சூடேற்றுங்கள். 82 டிகிரி என்று இருந்தால் ஏறக்குறைய அந்தச் சூட்டில் அதன் வால்வு திறக்கத் தொடங்க வேண்டும், 95 டிகிரியில் 8 மில்லிமீட்டருக்குக் குறையாமல் திறந்திருக்க வேண்டும். லேடிஸ்மித் உயரத்தில் தண்ணீர் 96, 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் கொதிவரும் நேரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பொருத்தும்போது, தட்டில் ஆடும் அந்தச் சின்ன ஊசி மேல் பக்கமாக இருக்கட்டும், காற்று தப்புவது அதன் வழியாகத்தான். ரப்பர் வளையம் புதிதாகப் போடுங்கள்.

வடித்த கூலன்ட்டை அளந்து வையுங்கள். இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் மிக உதவும். பத்து லிட்டர் வடித்து எட்டுத்தான் உள்ளே போனால், மீதி இரண்டு லிட்டர் இடத்தில் காற்று உட்கார்ந்திருக்கிறது. வடித்ததை வாளியில் திறந்து வைக்காதீர்கள். இனிப்பாக இருக்கும், நாய் குடித்தால் செத்துவிடும், குழந்தைக்கும் விஷம்.

நிரப்புவதற்கு வண்டியின் மூக்கு மேடாக இருக்கும்படி நிறுத்துங்கள். ஹீட்டர் முழுச் சூட்டில். காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ட்டும் சரிபாதி. டொயோட்டாவுக்கு ஏற்ற, சிலிக்கேட் இல்லாத வகையே போடுங்கள், கிடைத்ததையெல்லாம் கலக்காதீர்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து மெல்ல ஊற்றி, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்கள், குமிழிகள் வரும். பிறகு ஸ்டார்ட் செய்து, தெர்மோஸ்டாட் திறந்து மட்டம் சரிந்ததும் மறுபடி ஊற்றி, குமிழி நின்றதும் மூடுங்கள். மறுநாள் காலை ஆறிய பிறகு மட்டத்தைப் பார்த்து நிரப்புங்கள். இரண்டு மூன்று நாள் இப்படிக் கவனித்து, பிறகும் குறைந்துகொண்டே போனால் மேலே சொன்ன சோதனைகளுக்குத் திரும்ப வேண்டும்.

கோர் உண்மையிலேயே அடைத்திருந்தால்

மாற்றும் முன் எதிர்த்திசையில் கழுவுங்கள். ஹோஸைக் கழற்றும்போதுதான் பலர் கோரைக் கெடுக்கிறார்கள். பல வருடம் ஒட்டிப்போன ஹோஸைத் திருகி இழுத்தால் கோரின் மெல்லிய கழுத்து வளைந்துவிடும், பிறகு நிஜமாகவே டேஷ்போர்டைக் கழற்ற வேண்டியதுதான். பிளேடால் ஹோஸை நீளவாக்கில் கீறி, வாழைப்பட்டை மாதிரி உரித்தெடுங்கள். ஹோஸ் போனால் புதிது மாட்டிக்கொள்ளலாம்.

வெளியே வரும் குழாயில் தண்ணீர் விட்டு, உள்ளே போகும் குழாயில் வெளியேற்றுங்கள். தோட்டக் குழாயை முழுதாகத் திறக்காதீர்கள், ஊர்க் குழாயின் அழுத்தம் பழைய கோரின் இணைப்புகளைப் பிளந்துவிடும். மறுமுனை எப்போதும் திறந்தே இருக்கட்டும். துருவும் சேறும் வந்து தெளிந்த பிறகு, ஒரு லிட்டர் வெந்நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் கரைத்து அரைமணி நேரம் நிறுத்தி, மறுபடி கழுவுங்கள். காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்றுவிடும், கிட்டவே கொண்டுபோகாதீர்கள்.

காற்றுப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வைப்பருக்குக் கீழே காற்று நுழையும் ஜல்லடையில் இலை அடைந்திருக்கிறதா, புளோயர் எல்லா வேகத்திலும் ஓடுகிறதா, சூட்டு நெம்பை நகர்த்தும்போது உள்ளே மடல் முழுதாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். மடலின் நுரைப்பட்டை உதிர்ந்திருந்தால் குளிர்காற்று கலக்கும், காற்றுத் துளையில் கறுப்பு நுரைத்துகள் வருவது அதன் அடையாளம்.

பணமும் உரிமையும்

வால்வு மாற்றி ஏழு வாரம்தான் ஆகிறது. நம் நாட்டின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, பழுதுபார்ப்பில் போட்ட பாகத்துக்கும் அதற்கான கூலிக்கும் மூன்று மாத உத்தரவாதம் தருகிறது. வால்வோ கேபிளோ சரியாக வேலை செய்யவில்லை என்று தெரிந்தால் தாமதிக்காமல் எழுத்தில் சொல்லுங்கள். 15-ஆம் பிரிவின்படி முன்கூட்டியே மதிப்பீடு கொடுத்து உங்கள் சம்மதம் வாங்க வேண்டும், நீங்களே மதிப்பீடு வேண்டாம் என்றோ, இவ்வளவு தொகை வரை செய்யலாம் என்றோ பதிவாகச் சொல்லியிருந்தால் மட்டும் விதிவிலக்கு. 67-ஆம் பிரிவின்படி கழற்றிய பழைய பாகம் உங்களுக்கு வர வேண்டும். கோர் மாற்றுவதென்று முடிவானால் பழையதைக் கேட்டு வாங்கி, தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பேசித் தீரவில்லை என்றால் தென்னாப்பிரிக்க மோட்டார் தொழில் ஆம்புட்ஸ்மன் என்னும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், ஆனால் முதலில் ஒர்க்‌ஷாப்புக்குச் சரிசெய்ய வாய்ப்புக் கொடுத்ததற்கு எழுத்துச் சான்று வைத்துக்கொள்ளுங்கள்.

விற்றவரிடம் கேட்கலாமா என்றீர்கள். வாகன வியாபாரி அல்லாத தனிநபர் விற்றதற்கு அந்தச் சட்டம் பொருந்தாது. “ஃபூட்ஸ்டூட்ஸ்”, அதாவது உள்ளது உள்ளபடி, என்று எழுதி விற்றிருந்தால் மறைவான குறையை அவர் தெரிந்தே ஒளித்தார் என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டும். ஒரு தெர்மோஸ்டாட்டுக்காக அந்த வழியில் போக நான் சொல்லமாட்டேன்.

சரியாகும் வரை

ரேடியேட்டர் முன் அட்டை வைப்பதைச் சிலர் சொல்வார்கள். உங்கள் வண்டியில் தண்ணீர் குறைகிறது, வழியில் கணவாயும் இருக்கிறது, ஆகவே வைக்காதீர்கள். குளிருக்குப் பயந்து காற்றை உள்சுழற்சியிலேயே விட்டால் அம்மாவின் மூச்சும் உங்கள் மூச்சும் கண்ணாடியில் பனியாகப் படியும். வெளிக்காற்றில் வைத்து, ஏசி வேலை செய்தால் அதையும் போடுங்கள், ஈரத்தை உறிஞ்சிவிடும். கேபினில் எரிந்த புகை வாசனை வந்தாலோ அம்மாவுக்குத் தலைவலி, குமட்டல் வந்தாலோ உடனே வண்டியை நிறுத்திக் கதவுகளைத் திறங்கள், எக்ஸாஸ்ட் கசிகிறதா என்று பார்க்காமல் மறுபடி அவர்களை ஏற்றாதீர்கள். வெந்நீர்ப் பை ஒன்றைத் துணியில் சுற்றி அம்மாவின் முழங்கால் மேல் வைத்து, அதன்மேல் கம்பளியைப் போர்த்துங்கள். இந்த வெள்ளிக்கு அது போதும்.

ஞாயிறு சோதனை முடிந்ததும் மூன்று விஷயம் எழுதுங்கள்: இரண்டு ஹீட்டர் ஹோஸ்களின் சூடு, ரேடியேட்டர் எத்தனையாவது நிமிடத்தில் சூடேறியது, காலையில் மேல் ஹோஸ் விறைப்பா தளர்வா. அவற்றைப் பார்த்துவிட்டு அடுத்ததைச் சொல்கிறேன்.